ஐஸ் பெட்டிக்குள் மணிக்கூடு

என் அக்காவின் கையிலிருந்து நான் நான்கு தடவை இரத்தம் எடுத்திருக்கிறேன். மூன்று தடவை என்பதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு. நான்காவது தடவை எடுத்ததுதான் இன்றைக்கும் மனதில் கிடந்து உறுத்துகிறது. ஆனால் அதைச் சொல்வதென்றால் மூன்றாவது தடவை நடந்த கூத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

சண்டைக் காலம். நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்தாள். துறைமுகத்தில் கிளார்க்காக வேலை பார்த்த ஒரு வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரை, விரும்பிக் கட்டியதால் யாழ்ப்பாணத்தில் அப்பாவும் அம்மாவும் அவளோடு கதைப்பதில்லை. நான் கதைத்தேன். அதற்காக என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவளுடைய இரத்தம் தேவைப்பட்டது.

அக்காவுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. நடுவில் பள்ளம் விழுந்து தட்டையாக இருக்கவேண்டிய இரத்தச் செங்குழியங்கள் அவளுக்கு உருண்டையாக இருந்தன. மண்ணீரலில் இரத்தம் மிக ஒடுங்கிய இடுக்குகளுக்குள்ளால் நுழைந்து வரவேண்டும். தட்டையான குழியம் நெளிந்து வளைந்து போய்விடும். உருண்டையானது சிக்கிக்கொள்ளும். சிக்கியதை மண்ணீரல் அழித்துவிடும். இதை நான் அவளுக்கு விளங்கப்படுத்தியபோது, "அப்ப எனக்குள்ளையும் ஒரு செக் பொயின்ற் இருக்கெண்டு சொல்லு" என்றாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் கூட.

அழிகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க, அவளுடைய உடம்பு புதுக் குழியங்களை அவசரம் அவசரமாகச் செய்து இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாம் முழுதாக முதிராத இளங்குழியங்கள். மற்றவர்களின் இரத்தத்தில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்காவிடம் தாராளமாக இருந்தன. அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் கண் மஞ்சளாக இருப்பதற்கும் காரணமான அதே வருத்தம் எனக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். இளங்குழியத்துக்கு இரும்பு வேண்டும். இரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரிவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பிடிப்பதற்குக் குழியத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் இருக்கின்றன, அவையும் புரதம்தான். சுமைகாரப் புரதம் வாங்கியில் பிடிபட்டதும் அந்த இடத்து மென்சவ்வு உள்ளே குழிந்து, கிள்ளுப்பட்டு, ஒரு சின்னப் பையாகக் குழியத்துக்குள் போகும். அந்தப் பைகள் போய்ச் சேரும் இடத்துக்கு எண்டோசோம் என்று பெயர். அங்கே கொஞ்சம் புளிப்பு. அந்தப் புளிப்பில் இரும்பு கழன்றுவிடும். மிச்சம் நிற்பது வெறுங்கையோடு சுமைகாரனும், அதைப் பிடித்த வாங்கியும். இனி இவற்றை என்ன செய்வது என்பது எண்டோசோமில்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலும் இரண்டையும் வேறொரு பையில் ஏற்றி மேற்பரப்புக்கே திருப்பி அனுப்பிவிடும். சுமைகாரன் கழன்று போய் மறுபடி இரும்பு தேடும். வாங்கி அடுத்ததைப் பிடிக்கும். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் குழியம் முதிர முதிர வாங்கிக்கு வேலையில்லாமல் போகும். அப்போது அதே எண்டோசோம் அவற்றைத் திருப்பி அனுப்பாமல், தனக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழிகளாகக் கட்டி, குழியத்துக்கு வெளியே கொட்டிவிடும்.

எதைத் திருப்பி அனுப்புவது, எதைக் கொட்டுவது என்று ஒரு சின்னப் பைக்கு எப்படித் தெரிகிறது என்பது பெரிய ஆட்களின் கேள்வி. என்னுடையது சின்னக் கேள்வி. அக்காவின் குழியங்களில் இந்தச் சுற்று மற்றவர்களுடையதைவிட மெதுவாக நடக்கிறதா? சுமைகாரப் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றி, அது உள்ளே போய் எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். இரண்டு தடவை பார்த்ததில் மெதுவாகத்தான் தெரிந்தது. எங்கள் பேராசிரியர் கண்டிப்பான சிங்களவர். மூன்றாவது தடவையும் அதே விடை வந்தால்தான் அது விடை, இல்லாவிட்டால் வெறும் ஆசை என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் அக்காவுக்கு மண்ணீரலை எடுத்துவிட நாள் குறித்துவிட்டார்கள். நல்ல செய்திதான். மண்ணீரல் போனால் குழியங்கள் அழிவது குறையும், கண் வெளுக்கும், மூச்சு வாங்காது. இளங்குழியங்களும் இருக்காது. ஒபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். அன்று காலையில் நான் எடுக்கிற இரத்தம்தான் கடைசி. அது தவறினால் என் இரண்டரை வருடப் படிப்பு வெறும் ஆசையாக நின்றுவிடும். அக்காவுக்கு நாள் குறித்ததைக் கேட்டு நான் முதலில் சந்தோஷப்படவில்லை. இதை அவளுக்கு நான் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

இந்த வேலையில் குளிர்தான் எல்லாம். ஐஸில் வைத்தால் குழியம் அப்படியே நின்றுவிடும், எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது. சூடாக்குகிற கணம்தான் பூச்சிய நிமிடம். அதற்கு முன்னால் வழியில் எங்கேயாவது சூடேறிவிட்டால் எது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நாளத்திலிருந்து எடுத்த இரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் குழியங்களைப் பிரிக்கும் இயந்திரத்துக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் சட்டம். இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்களிடம் முறுக்கிவிடுகிற சின்ன மணிக்கூடுகள் இருந்தன, சமையலறையில் முட்டை அவிக்கப் பாவிக்கிற வகை. ஒரு மணித்தியாலத்துக்கு முறுக்கிவைத்தால் டிக் டிக் என்று ஓடி, முடிவில் மணி அடிக்கும். எந்தப் பெட்டிக்காக முறுக்கினோமோ அந்தப் பெட்டிக்குள்ளேயே அதை வைத்துவிட வேண்டும். வெளியே வைத்தால் ஒருவரின் மணிக்கூட்டை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பேரின் வேலையும் பாழாகும். ஒரு தடவை அப்படி நடந்து, மூன்று நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்தோம். அதற்குப் பிறகு வந்த பழக்கம் அது. யோசிக்காமலே கை செய்யும்.

வெள்ளவத்தையிலிருந்து காலையில் புறப்பட்டால் வழியில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் நாளே போய் அக்கா வீட்டில் தங்கினேன். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. கொழும்பில் தமிழர் இருக்கும் வீடு ஒவ்வொன்றும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய காலம். என் பெயர் வெள்ளவத்தை வீட்டுப் பத்திரத்தில்தான் இருந்தது. ஒரு நாளானாலும் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றார் அத்தான். ஒரே ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் அடம்பிடித்தேன். அங்கே போய் வரிசையில் நிற்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது.

காலையில் அக்காவின் வலது கையில் இருபது மில்லிலீற்றர் எடுத்தேன். நான்கு குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏழு என்று எழுதினேன். அவள் என் ஏழாவது கொடையாளி. பெயர் எழுதுவதில்லை. கொடுத்தவர் யார் என்று எங்கும் சொல்லக்கூடாது என்பதும் சட்டம். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஐஸைப் பரப்பி, குழாய்களைக் குத்தி வைத்து, மணிக்கூட்டை முழுதாக முறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூலையில் செருகி மூடினேன். அக்கா சேலைத் தலைப்பால் கையை அமத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கச் சொன்னாள். எடுப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. குலுங்கினால் குழியங்கள் உடையும் என்பதால் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். மருதானைக்குக் கிட்ட வந்தபோது வாகன நெரிசல், பஸ் நின்றுவிட்டது. இயந்திரத்தையும் நிற்பாட்டினான் டிரைவர். அதுவரை கேட்காத டிக் டிக் சத்தம் அப்போது கேட்டது. எனக்கு அது பழகிய சத்தம், காதில் விழவேயில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

என் சிங்களம் அரைகுறை. அந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் உண்மையைச் சொன்னேன். முதலில் "ஒரலோசுவ" என்றேன், மணிக்கூடு. பெட்டிக்குள் வேறென்ன என்றாள். "லே" என்றேன், இரத்தம்.

அந்த வருடங்களில் கொழும்பு பஸ் ஒன்றில், பெட்டியை அணைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண் இதைவிட மோசமான இரண்டு சொற்களைத் தேடியிருக்க முடியாது. அவள் எழும்பிய வேகத்தில் அவளுடைய மரக்கறிப் பை சிதறியது. அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாசலாலும் சனம் கொட்டுப்பட்டது. ஜன்னலால் குதித்தவர்களும் உண்டு. நான் மட்டும் அசையாமல் இருந்தேன். பயத்தில் என்று நினைப்பீர்கள். பெட்டியைக் குலுக்கக்கூடாது என்பதுதான் அந்த நேரத்திலும் என் கவலை.

சந்தியில் நின்ற ஆமிக்காரர்கள் ஓடி வந்தார்கள். துவக்கு முனையில் இறங்கச் சொன்னார்கள், பெட்டியை நடுரோட்டில் வைக்கச் சொன்னார்கள், கையை உயர்த்திக்கொண்டு பின்னால் நடக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தேன். வெயில் நேராகப் பெட்டியின்மேல் விழுந்தது. ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மணிக்கூடு ஓடி முடிந்தால் மணி அடிக்கும். அடிக்கிற நேரத்தில் துவக்கோடு நிற்கிற இத்தனை பேரும் என்ன செய்வார்கள்? சொல்லாவிட்டாலும் ஆபத்து, சொன்னாலும் ஆபத்து. சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தீர்மானித்து, அது மணி அடிக்கும், பயப்பட வேண்டாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். எப்போது அடிக்கும் என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் பழகியவள், கிட்டத்தட்ட என்று சொல்ல வராது.

"இன்னும் பதினாறு நிமிடம்" என்றேன்.

அந்த மனிதரின் முகம் மாறியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. விசில் அடித்தார்கள். கடைகளை மூடச் சொல்லி, சனத்தை இன்னும் தூரத்துக்கு விரட்டினார்கள். என்னை ஒரு மதிலோடு குந்த வைத்து, தலைக்குப் பின்னால் கை கட்டச் சொன்னார்கள். குண்டு எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அந்த நெரிசலில் அவர்கள் எங்கே வருவது? வெறும் தாரில் என் வெள்ளைப் பெட்டி தனியாக இருந்தது. பதினாறு நிமிடமும் நான் இரண்டு பயம் பயந்தேன். இவர்கள் அதைச் சுட்டுவிடுவார்களோ என்பது ஒன்று, என்னைச் சுட்டுவிடுவார்களோ என்பது மற்றது. எது முதலில் வந்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மணி அடித்தது. முட்டை அவிந்துவிட்டது என்று சொல்கிற அதே சின்னக் கிணுகிணுப்பு. நிலத்தில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு ஒரு ஆமிக்காரர் நீளத் தடி ஒன்றால் எட்ட நின்று மூடியைத் தட்டினார். பெட்டி கவிழ்ந்தது. ஐஸ் தாரில் சிதறியது, குழாய்கள் உருண்டன, ஒன்று உடைந்தது. அக்காவின் இரத்தம் கொஞ்சம் ரோட்டில் ஓடியது. ஐஸைத் திருப்பி அள்ளிப் போடுங்கள், கெதியாகப் போடுங்கள் என்று நான் மதிலடியிலிருந்து கத்தினேன். எனக்கு விசர், பைத்தியம் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்திருக்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் சுவரோரம் நீள மர வாங்கு ஒன்றில் இருத்தினார்கள். மேசையில் என் கொப்பி, என் அடையாள அட்டை, மூன்று குழாய்கள், மணிக்கூடு. குழாய்கள் சாதாரண வெக்கையில் கிடந்தன. அவற்றுக்குள் எத்தனை பைகள் உள்ளே போய் எத்தனை திரும்பி வந்தனவோ. வேலைக்கு உதவாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விசாரித்த இன்ஸ்பெக்டர் அடித்துப் பேசுகிற ஆள் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொப்பியில் பூச்சியம், இரண்டு, ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இந்த நிமிடங்களில் எங்கே என்ன நடக்கப்போகிறது என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். ஒருவன் சுமந்துகொண்டு வருவான், வாசலில் நிற்பவன் அவனைப் பிடிப்பான், இரண்டு பேரும் ஒரு பைக்குள் உள்ளே போவார்கள், உள்ளே சுமையை இறக்கிவிட்டுத் திரும்பி வருவார்கள். என் சிங்களத்தில் புரதத்துக்கும் வாங்கிக்கும் சொல் இல்லை. சொல்லச் சொல்ல என் காதுக்கே அது வேறு கதையாகக் கேட்டது. அவர் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு குழாயைத் தூக்கி, ஏழு என்றால் என்ன என்றார். ஏழாவது ஆள் என்றேன். மற்ற ஆறு பேரும் எங்கே என்றார்.

இது யாருடைய இரத்தம் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இரத்தம் கொண்டுபோகப் பேராசிரியர் தந்த கடிதம் கையில் இருந்தது, ஆனால் அதிலும் பெயர் இல்லை, இலக்கம்தான். ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தார்கள். பேராசிரியர் வெளியே போயிருந்தார். பெயர் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். அது பொய் இல்லை, உண்மையான காரணமும் இல்லை. அக்காவின் பெயரைச் சொன்னால் அந்த வீட்டுப் பத்திரத்தை எடுப்பார்கள். அதில் என் பெயர் இருக்காது. பதியாத ஆளை வைத்திருந்த குற்றம் அத்தான்மேல் விழும். நாளைக்கு ஒபரேஷனுக்குப் போகிறவளின் வீட்டில் இன்றைக்கு ஆமி ஏறும். எல்லாம் நான் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டதால். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சொல்லாவிட்டால் என்னை இன்று விடமாட்டார்கள், வேறு இடத்துக்கு அனுப்புவார்கள் என்று ஒரு பெண் பொலிஸ் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். வேறு இடம் என்றால் என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் திரும்பிய பிறகு அக்கா வந்தாள்.

நான் போன் எடுக்காததால் அவளே ஆய்வுகூடத்துக்கு எடுத்திருக்கிறாள். நான் வரவில்லை, பொலிஸிலிருந்துதான் போன் வந்தது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அத்தானுக்குக்கூடச் சொல்லாமல் ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். வாசலில் சோதித்த பிறகு படி ஏறி வந்து, மூச்சு வாங்க மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மஞ்சள், உதடு வெளிறிப்போய் இருந்தது. என்னைப் பார்க்கவேயில்லை. ஆஸ்பத்திரிக் கொப்பியை இன்ஸ்பெக்டர் முன்னால் விரித்து வைத்தாள். சட்டைக் கையை உயர்த்திப் பிளாஸ்டரைக் காட்டினாள். கொட்டாஞ்சேனையில் மீன்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் பேசிப் பேசிப் பழகிய அவளுடைய சிங்களம் என்னுடையதைப்போல் நொண்டாது. அது என் இரத்தம் என்றாள். இவள் என் தங்கச்சி, நேற்று என் வீட்டில்தான் தங்கினாள், பதியவில்லை, பிழை எங்களுடையது என்றாள்.

நான் அத்தனை மணித்தியாலம் பொத்தி வைத்திருந்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெரிய பதிவுக் கொப்பியை எடுத்து, அவளுடைய முழுப்பெயரையும் விலாசத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினார். இன்ன நாள் இன்னாருடைய கையிலிருந்து எடுத்த இரத்தம் என்று எழுதி, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள். பேராசிரியர் போனில் கிடைத்த பிறகுதான் போகச் சொன்னார்கள். மணிக்கூட்டைத் தரவில்லை.

வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஒன்று போட்டாள். "உனக்கென்ன விசரே? என்ரை பேரைச் சொல்லியிருந்தால் காலமையே விட்டிருப்பாங்கள்."

அத்தானுக்குப் பிரச்சினை வருமென்று பயந்தேன் என்றேன்.

"வந்தால் வரட்டும், பிறகு பாப்பம்." கொஞ்சத் தூரம் நடந்து, மதிலைப் பிடித்து நின்று, மூச்சை எடுத்துக்கொண்டு கேட்டாள். "அது பழுதாப் போட்டுதோ?"

"ஓம்."

"எல்லாம்?"

"எல்லாம் சூடாப் போச்சு அக்கா. உதவாது."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்குள் வார்ட்டில் போய்ப் படுத்தால் போதும் என்றாள். பிறகு மற்றக் கையைத் திருப்பி, முழங்கை மடிப்பை எனக்குக் காட்டினாள்.

"இதிலை எடு."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இருபது மில்லிலீற்றர் ஒரு மனுஷியைச் சாய்க்காது என்று எனக்குத் தெரியும், அந்தக் கணக்கைச் சொல்லி இத்தனை வருடம் என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நான் அன்று அந்தக் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை. உடனே ஓட்டோவை மறித்தேன்.

ஆய்வுகூடத்தில் இரண்டொருவர்தான் மிச்சம் நின்றார்கள், அவர்களும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவை ஒரு ஸ்டூலில் இருத்தி இடது கையில் எடுத்தேன். நாளம் சரியாகப் பிடிபடவில்லை, முதல் குத்து தவறியது. "அவசரப்படாமல் எடு" என்றாள். இரண்டாவது குத்தில் வந்தது. கழுவி, பிரித்து, ஐஸில் வைத்து, ஒளிரும் புரதத்தைச் சேர்த்து முடித்தபோது மணிக்கூடு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்த மற்ற மணிக்கூடுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டின் திறப்பையும் கொண்டு போய்விட்டார்கள். சுவர் மணிக்கூடு என் முதுகுப் பக்கம். நிமிடத்தையும் பார்த்து, குழாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஐஸில் தாழ்த்த ஒரு ஆளால் முடியாது.

"நான் சொல்லுறன்" என்றாள் அக்கா. கைக்கடிகாரத்தைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

குழாய்களைச் சூடான தண்ணீர்த் தொட்டியில் வைத்தேன். பூச்சியம். "ரெண்டு" என்றாள், ஒரு குழாயை எடுத்து ஐஸில் தாழ்த்தினேன். "அஞ்சு" என்றாள். அவளுடைய குழியங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் உயிர்பெற்று, பிடித்து, விழுங்கி, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அவள் எனக்குப் பின்னால் இருந்து அவற்றின் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பத்து." அதற்குப் பிறகு வெகு நேரம் சத்தமில்லை. இருபது ஆகிவிட்டதோ என்று திரும்பாமலே கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, "இப்ப ஆச்சு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. எனக்கு அது கேட்டது. நான் திரும்பவில்லை. அடுத்த குழாயின் இலக்கத்தைப் பார்த்தேன்.

"நாப்பது" என்ற பிறகுதான் திரும்பினேன். தலையை மேசையில் சாய்த்து, கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தாள். நெற்றி வியர்த்து ஈரமாகக் கிடந்தது. காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். என் போனுக்காகக் காத்திருந்ததில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். நாற்பது நிமிடம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். தேத்தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அழுகை வந்தது. குடித்து முடித்து, அவள் முதலில் கேட்டது, "இந்த முறையும் மெதுவாத்தானோ?" என்றுதான். சாயத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

அவளை ஏழு மணிக்கு வார்ட்டில் விட்டேன். இரத்தம் குறைவு என்று சொல்லி ஒபரேஷனை நான்கு நாள் தள்ளிப் போட்டார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். ஒபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டு மாதத்தில் கண் வெளுத்துவிட்டது. படி ஏறிவிட்டு மேலே நின்று என்னைக் கூப்பிடுவாள். மூன்றாவது விடையும் மற்ற இரண்டோடு ஒத்துவந்தது. அக்காவின் குழியங்கள் மெதுவாகத்தான் திருப்பி அனுப்பின.

ஆனால் அந்த விலாசம் பதிவுக் கொப்பியில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எந்தச் சுற்றிவளைப்புத் தேடுதல் வந்தாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினார்கள். அத்தானை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் இரண்டு பேரும் நாட்டைவிட்டுப் போனார்கள். போகிற அன்று அக்கா என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

என் ஆய்வேட்டில் ஒரு படம் இருக்கிறது. பூச்சியத்திலிருந்து நாற்பது நிமிடம் வரை ஏறி இறங்குகிற ஒரு கோடு. அடியில் கொடையாளி இலக்கம் ஏழு என்று போட்டிருக்கிறேன். நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியருக்கும், சாயம் அனுப்பிய வெளிநாட்டுக்காரருக்கும், ஐஸ் செய்யும் இயந்திரத்தைத் திருத்தியவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. சட்டப்படி இருக்கக்கூடாது. இதை எழுதும்போதும் நான் அவளுடைய பெயரை எழுதவில்லை. அந்த இரத்தம் அவளுடையது என்று அவளுடைய முழுப்பெயரோடும் கையெழுத்தோடும் எழுதியிருக்கிற ஒரே ஏடு அந்தப் பொலிஸ் நிலையத்துப் பதிவுக் கொப்பிதான். அது இப்போது எந்த அலுமாரியில் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது.